காளான் முளைத்த வருஷம்

டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில், பச்சைச் சேலை கட்டி, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் தங்கை. சாலம்மாள். அவள் பக்கத்தில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். நான்தான் காற்று வேண்டும் என்று சொல்லிவிட்டு இங்கே பின்னால் வந்துவிட்டேன். நீங்களும் ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தீர்கள். நல்லது. அங்கேயும் ஜன்னல் இருக்கிறது, அங்கேயும் காற்று வருகிறது. உங்களுக்குத் தெரியாமல் இல்லை.

கிருஷ்ணகிரி வரைக்குமா நீங்கள்? நாங்கள் அதற்கு முன்னாலேயே, ஆராய்ச்சிப் பண்ணை ஸ்டாப்பிங்கில் இறங்கிவிடுவோம். மத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம்.

கண்டக்டர் பையைப் பார்த்து என்னவென்று கேட்டார், கவனித்தீர்களா. அவள் திறந்து காட்டினாள். "புளியமரத்துக் கட்டைங்க. சீக்கு. காட்டறதுக்கு எடுத்துட்டுப் போறோம்" என்றாள். "மரத்துக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா" என்று அவர் கேட்க, "எழுபது வயசு மரம், சலுகை எதுனா இருந்தா பாத்துக் குடுங்க" என்று இவள் சொல்ல, முன்னால் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டை என் மரத்துக் கட்டை. அதனால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மாதையன். ஊத்தங்கரைக்குப் பக்கம். எங்களுக்கு நெல், கரும்பு எல்லாம் கிடையாது. புளியந்தோப்புதான். எங்கள் தாத்தா வைத்தது, இருபத்துநாலு மரம். தையில் பழம் விழ ஆரம்பித்தால் பங்குனி வரைக்கும் உலுக்குவது, பொறுக்குவது, ஓடு தட்டுவது, கொட்டை எடுப்பது. வருஷத்துக்கு அதுதான் சோறு. மீதி மாதமெல்லாம் மாடு.

காளானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் சமையலுக்கு வாங்குகிற காளான் இல்லை. மரத்தின் அடியில், வேர் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில், ஐப்பசி மழைக்குப் பிறகு முளைக்கும். பாதித் தட்டை உடைத்து மரத்தில் செருகி வைத்த மாதிரி இருக்கும். மேலே அரக்கு நிறம், வார்னிஷ் அடித்தது மாதிரி மினுக்கும். ஓரத்தில் மட்டும் வெள்ளை. அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. அது வெளியே தலை காட்டும்போது உள்ளே வேர் பாதி அழுகியிருக்கும். அதற்கு அப்புறம் இரண்டு வருஷம், மூன்று வருஷம். நுனிக்கொம்பு காயும். பிறகு ஒரு நாள் காற்றே இல்லாத மத்தியானத்தில் மரம் சாய்ந்து கிடக்கும். பக்கத்து மரத்து வேரோடு இதன் வேர் உரசுகிற இடத்தில் அதற்கும் போய்விடும். என் மச்சினனுக்குச் சிங்காரப்பேட்டைப் பக்கம் பதினெட்டு மரம் இருந்தது. ஐந்தே வருஷம். இப்போது அங்கே சோளம் போடுகிறான்.

அதனால் எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம். தோப்பின் நடுவில், கொஞ்சம் கிழக்கே தள்ளி, மூன்று மரத்தடியில் பார்த்தேன். ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் அப்போதுதான் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக. அதே மாதம்தான் சாலம்மாள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். அவள் புருஷன் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, ரொம்ப மெதுவாக, "அண்ணா, சட்டத்துல எனக்கும் பாதி இருக்குதாம். பாதி வேணாம். பொழைக்கற மாதிரி குடு" என்றாள்.

பாதி வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் வீம்புக்கு, "சட்டப்படியே எடுத்துக்கோ, பாதிக்குப் பாதி" என்றேன். கோபம். பிறந்த வீட்டுச் சொத்தைக் கேட்டுவிட்டாள் என்று ஊரில் நாலு பேர் பேசினார்கள். நானும் பேசவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்கு பிரிக்கும்போது மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் ஏமாற்றக்கூடாது என்பதற்காக வைத்தது. எது எனக்கு வரும் என்று எனக்குத் தெரியாது, அதனால் இரண்டையும் சமமாகத்தான் பிரிப்பேன், இல்லையா. முடிவு எடுக்கிறவர் கையில். இதை நான் எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. முடிவு அவள் கையில்தான் இருந்தது.

நான் எப்படிப் பிரித்தேன் என்றால், கிழக்கே பன்னிரண்டு மரம், மேற்கே பன்னிரண்டு மரம். கிணறும் ரோட்டு வழியும் மேற்கில். காய்ப்பு கிழக்கில். அந்தத் தை மாதம் பார்த்திருக்க வேண்டும் நீங்கள், அந்த மூன்று மரமும் இலை தெரியாமல் காய்த்துக் கிடந்தன. சீக்கு வந்த மரம் அப்படித்தான். போகப் போகிறோம் என்று அதற்குத் தெரியுமோ என்னவோ, ஒரு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு காய்க்கும். மூன்றையும் கிழக்குப் பங்கில் வைத்தேன். மேற்கு மரங்களில் அந்த வருஷம் காய் குறைவு. வெளியாள் வந்து பார்த்தால், ஒருபக்கம் காய், ஒருபக்கம் கிணறு, நியாயமாகப் பிரித்திருக்கிறான் என்றுதான் சொல்வான். ஊர்க்கவுண்டரும் அப்படித்தான் சொன்னார். "மாதையன் கை சுத்தம்" என்று சொன்னார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். காளானையெல்லாம் உளியால் பெயர்த்து ஏரியில் வீசினேன். பெயர்த்த இடத்தில் களிமண்ணும் சாணியும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினேன். மூன்று மரத்தில் மட்டும் பூச்சு இருந்தால் கண்ணை உறுத்தும் என்று இருபத்துநாலு மரத்துக்கும் இடுப்பளவு வெள்ளையடித்தேன். என் வீட்டுக்காரி கோவிந்தம்மா வந்து பார்த்துவிட்டு, "எந்த மரத்துக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். கரையானுக்கு என்று சொன்னேன். அவளுக்கும் நான் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

பங்கு எடுக்கிற அன்றைக்குச் சாலம்மாள் ஒவ்வொரு மரமாகப் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். காய்த்த மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். பிறகு மேற்கே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் கொஞ்ச நேரம். திரும்பி வந்து, "கெழக்கால பக்கம் நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தம்மா, "பாத்தியா உன் தங்கச்சிய. காயெல்லாம் எண்ணிட்டுத்தான் வந்து சொல்றா" என்றாள். நானும் சிரித்தேன். பேராசைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பேராசைப்பட்டாள், பட்டாள். இதில் என் தப்பு என்ன.

அந்த வருஷம் அவளுக்கு நல்ல மகசூல். தனியாக ஓட்டு வீடு எடுத்துப் போய்விட்டாள். முதல் புளியைக் கொட்டை எடுத்து, நார் எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வருஷத்துக்குக் காணும். கோவிந்தம்மாவே அசந்துபோனாள், ஒரு நார் இல்லை. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் குழம்பு அவள் புளியில்தான். நான் சாப்பிட்டேன். உங்களிடம் என்ன மறைக்கிறது, ருசியாகத்தான் இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஐப்பசியில் திரும்பவும் முளைத்தது. முளைக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் மாட்டைக் கட்டுகிற சாக்கில் அவள் பக்கம் போய்ப் பெயர்த்துப் போட்டுவிட்டு, பூச்சு பூசிவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த ஐப்பசியிலும். அவள் பார்த்தால் ஊர்க்கவுண்டரிடம் போவாள், மறுபடி பிரி என்பார்கள், என் மானம் போகும். அந்த இரண்டு வருஷத்தில் அவள் பார்த்திருந்தால் சுற்றிலும் பள்ளம் எடுத்து மூன்று மரத்தோடு நிறுத்தியிருக்கலாம். பிறகு எனக்குச் சொன்னார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. இல்லை, தெரிந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வருஷம் மாடு இழுத்துக் கணுக்கால் உடைந்து ஐப்பசி முழுக்க நான் கட்டிலில் கிடந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

அவள் கவுண்டரிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள். வந்து, "அண்ணா, ஒரு மரத்துல நுனி காயுது. அடியில என்னமோ மொளைச்சிருக்குது, தட்டாட்டம். உன் மரத்துக்கு வந்துடப்போவுது, நீ ஒருக்கா பாத்துக்கோ" என்றாள். உன் மரத்துக்கு என்றாள். நான் காலைக் காட்டி, "எழுந்து நடக்கறவன்கிட்ட சொல்லு" என்று எரிந்து விழுந்தேன்.

அவளே இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு விசாரித்துக்கொண்டு போய் ஓர் அதிகாரியைக் கூட்டிவந்தாள். ஜெசிந்தா என்று ஒரு பெண். சின்ன வயதுதான், ஆனால் ரொம்பத் தெரிந்தவர்கள். முட்டி போட்டு உட்கார்ந்து, கத்தியால் பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது யார் பூசினது?" என்று கேட்டார்கள். நான் கோலை ஊன்றிக்கொண்டு நின்றேன். "கரையானுக்குங்க. எங்க பக்கத்துல எல்லா மரத்துக்கும் பூசறதுதான்" என்றேன். "இதுக்கு முன்னாடி எந்த வருஷமாவது இந்தக் காளானைப் பாத்திருக்கீங்களா?" சாலம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் பெங்களூரில் இருந்தவள், மரத்தோடு கிடந்தவன் நான். நான்தான் சொல்ல வேண்டும். "இல்லைங்க. இந்த வருஷந்தான்" என்றேன்.

அவ்வளவுதான். நாலு வார்த்தைகூட இல்லை.

இந்த வருஷம்தான் வந்தது என்றால் நோய் ரொம்ப தூரம் போயிருக்காது என்று அந்தப் பெண் கணக்குப் போட்டார்கள். சீக்கு மரத்துக்கு அடுத்தாற்போலவே, இடுப்பளவு ஆழத்துக்குச் சுற்றிப் பள்ளம் எடுக்கச் சொன்னார்கள். வேர் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. எடுக்கிற மண்ணைச் சீக்கு மரத்துப் பக்கமே போட வேண்டும், வெளியே போடக்கூடாது, மண்ணிலும் நோய் இருக்கிறது. இதைத் தனியாக எழுதியே கொடுத்துவிட்டுப் போனார்கள். மேற்கால் பக்கம் பள்ளம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வரப்பு ஓரமாகவே போனது. அந்த ஒரு பக்கம் எடுத்தது என் மரத்தைக் காப்பாற்றத்தான்.

மாசியில் அவளும் இரண்டு பெண்களும் சேர்ந்து கடப்பாரை, மண்வெட்டியோடு இறங்கினார்கள். இருபது நாள். நான் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். கால் அதற்குள் சரியாகிவிட்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க என் கிணற்றடிக்கு வந்தாள். கை இரண்டும் கொப்புளம். எனக்கு என்ன தோன்றியதோ, "காயப் பாத்து எடுத்தே இல்ல, இப்ப அனுபவி" என்றேன். சும்மா கிண்டலுக்குத்தான். அவள் குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காயப் பாத்தா எடுத்தேன்? கெணறு ஒம் பக்கம் இருக்கட்டுமேன்னு எடுத்தேன். மாடு கன்னு எல்லாம் நீதான வெச்சிருக்கறே. எனக்கு ரெண்டு குடம் இருந்தாப் போதும், யாரு வீட்டுலயும் மொண்டுக்குவேன்" என்றாள். சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பள்ளத்தில் போய் இறங்கிவிட்டாள்.

நீங்கள் சொல்லுங்கள், அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து போய் அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கியிருக்க வேண்டும். வாங்கினேன், மறுநாள். எதற்கு வாங்கினேன் என்பதையும் கேளுங்கள்.

எங்கள் ஏரியோரத்து மண் கருப்பு வண்டல். அள்ளினால் கையில் வெண்ணெய் மாதிரி ஒட்டும். வரப்போரமாக எடுத்த மண்ணை எல்லாம் அவள் தன் பக்கமே குவித்துக்கொண்டு போனாள். மலைமலையாக. எனக்கு அது பொறுக்கவில்லை. முந்தின நாள் அவள் சொன்னதைக் கேட்டுத் தூக்கம் வராமல் புரண்டவன்தான், காலையில் அந்த மண்ணைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வேறு மாதிரி போய்விட்டது. "வரப்பு மண்ணு பொது மண்ணு. பாதி எனக்கு" என்றேன். "அண்ணா, அதுல சீக்கு இருக்குதாம். வேணாம்ண்ணா. அந்தம்மா எழுதியே குடுத்திருக்குது" என்றாள். நான் நம்பவில்லை. நல்ல மண்ணை மடக்கிக்கொள்ளக் கதை சொல்கிறாள் என்று நினைத்தேன். பொய் சொல்கிறவனுக்கு மற்றவர்கள் சொல்வதும் பொய்யாகத்தான் கேட்கும் போலிருக்கிறது. அவள் மண்வெட்டியையே வாங்கி, அறுபது கூடை அள்ளினேன். வரப்போரம் இருந்த என் நாலு மரத்துக்கும் வேரைச் சுற்றி மேடு கட்டினேன். அழகாக, வட்டமாக. அவள் பள்ளத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை வேண்டாம் என்று சொன்னாள்.

மத்தூர் வந்துவிட்டது. வேண்டாம், நான் டீ குடிக்கவில்லை. நீங்கள் இறங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். போகவில்லையா. சரி.

அவள் எடுத்த பள்ளம் வீண். நோய் அதற்கு முன்னாலேயே அடுத்த மரத்து வேருக்குத் தாண்டியிருந்தது. மூன்று வருஷம் முன்னால் ஆரம்பித்தது, தாண்டாமல் என்ன செய்யும். பள்ளத்துக்கு உள்ளே மூன்று மரம் போனது, பள்ளத்துக்கு வெளியே நாலு மரம் போனது. பன்னிரண்டில் இப்போது ஐந்து நிற்கிறது. அவள் மகள் சேலத்தில் நர்சு படிப்பு, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த ஐந்து மரத்தில்தான் முடிக்க வேண்டும்.

போன ஐப்பசியில் என் மரத்தில் வந்தது. மேடு கட்டின நாலில் இரண்டில். மேட்டைப் பிளந்துகொண்டு, அரக்கு நிறத்தில், மினுமினு என்று. என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? உளியை எடுத்துக்கொண்டு போனேன். களிமண், சாணி, சுண்ணாம்பு. கை பழகிவிட்டது.

போன மாதம் என் கன்றுக்குட்டி ஒன்று அவள் பக்கம் போய்விட்டது என்று ஓட்டிக்கொண்டு வந்தவள் அந்தப் பூச்சைப் பார்த்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டைவிரலால் தேய்த்தாள். "இதுவும் கரையானுக்காண்ணா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் விரலில் ஒட்டின சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் பூச்சு ஊறிப்போயிருந்தது, அவள் விரல் பட்ட இடத்தில் பெயர்ந்து உள்ளே இருந்தது தெரிந்துவிட்டது.

அப்புறம் அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "என் பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கும். பள்ளத்த இன்னும் ஆழமா எடுத்திருக்கணும் நானு. மன்னிச்சுக்கோண்ணா" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரி விடு, நீ என்ன வேணும்னா பண்ணே" என்றேன்.

மன்னித்துவிட்டேன். கேட்டீர்களா. பெரிய மனது எனக்கு. தலையைத் தடவிக்கூடக் கொடுத்தேன். அன்றையிலிருந்து சாப்பாடு இறங்குவதில்லை. கோவிந்தம்மா மரம் போன கவலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மாதையன் மரத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்தவன், உடைந்துபோய்விட்டான் என்கிறார்கள்.

இப்போது போவது எதற்கு என்றால், அந்த ஜெசிந்தா அம்மாவுக்கு இவள் போன் செய்தாள். "போன தடவை இந்த வருஷந்தான்னு சொன்னீங்க, அதை வெச்சுத்தான் எடம் குறிச்சேன். கணக்கு எங்கயோ தப்பு. இந்த முறை எத்தனை வருஷம்னு சரியா சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரிதான் பள்ளம் எங்கே எடுக்கறதுன்னு சொல்ல முடியும்" என்றார்களாம். மூன்று வருஷம் என்றே வைத்தால் நிற்கிற ஐந்தையும் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஐந்தும் போய்விடும். ஆறு என்று தெரிந்தால் கிட்டே இருக்கிற இரண்டை வெட்டிவிட்டு, அதற்கு அந்தண்டை பள்ளம் எடுப்பார்கள், மூன்று நிற்கும். இதை அவர்கள் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டேன். ஆறு வருஷமாக இதே யோசனையாக இருக்கிறவனுக்கு இது தெரியாதா.

அதற்குப் பூர்த்தி செய்து கொடுக்க ஒரு பாரம் இருக்கிறது. காலையில் ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் சிமெண்டுப் பெஞ்சில் வைத்து அவளே எழுதினாள். அவள் பத்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்து மணி மணியாக இருக்கும். ஊர், சர்வே நம்பர், மொத்த மரம், பட்டுப்போன மரம், எல்லாம் எழுதிவிட்டாள். ஒரு கட்டம் மட்டும் காலி. நோய் முதலில் தென்பட்டது எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு. பேனாவை வைத்துக்கொண்டு, "எத்தனைன்னு போடறதுண்ணா?" என்றாள். "உனக்குத் தெரியாதா, நீயே போடு" என்றேன். "எனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரிஞ்சதுதான். மரத்தோட இருந்தது நீதானே" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. தெரியாமல்தான் கேட்கிறாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும், பெங்களூரில் இருந்தவள்.

உங்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஆறு சீட்டுதான் இருக்கிறது.

என்ன, எழுந்திருக்கிறாள்? ஸ்டாப்பிங் இன்னும் வரவில்லையே. இல்லை, அந்தக் காகிதத்தைப் பின்சீட்டு அம்மாவிடம் கொடுக்கிறாள். பின்னால் கொடுக்கச் சொல்கிறாள். எனக்கா? கேட்குது, கேட்குது. எழுதிடறேன். நீ உக்காரு, பஸ் ஆடுது, விழப்போறே.

வாங்குங்கள், உங்கள் கைக்குத்தான் வந்திருக்கிறது. பேனாவையும் செருகி அனுப்பியிருக்கிறாள். அதே கட்டம்தான். காலியாகத்தான் இருக்கிறது.

நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்களேன். பஸ் ஆடுகிறது, என் எழுத்து கோணலாக வரும். எத்தனை என்றா கேட்கிறீர்கள்? இவ்வளவு நேரம் என்ன கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மூன்று என்பது அவர்களிடம் நான் சொன்னது. உங்களிடம் அப்படியா சொன்னேன்?

எண்ணால் போடாதீர்கள். எழுத்தால் எழுதுங்கள். எண்ணாக இருந்தால் நானே வாங்கித் திருத்திவிடுவேன். ஆ. று. ஆமாம். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது பாருங்கள், மாதையன் பார்த்தது என்றும் போட்டுவிடுங்கள். போட்டுவிட்டீர்களா? என்னிடம் காட்ட வேண்டாம். அப்படியே முன்னால் கொடுத்துவிடுங்கள், சீக்கிரம்.

போய்ச் சேர்ந்துவிட்டதா? எனக்கு இந்தப் பக்கம் வெயில் கண்ணில் அடிக்கிறது, தெரியவில்லை. படிக்கிறாளா? படித்துவிட்டாளா?

திரும்பிப் பார்க்கவில்லையா. சரி.

விசில் அடித்துவிட்டார். எங்கள் ஸ்டாப்பிங்தான். கொஞ்சம் பொறுங்கள், உடனே எழுந்து வழிவிட வேண்டாம். அவள் முதலில் இறங்கட்டும்.